ஒரு பாகமும் ஒரு சாணும்

மீன் பெட்டி. சாரைப்பாம்புக்கு வீடு என்று என் புருசன் றஜீபன் கொண்டுவந்து வைத்தது, ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற வெள்ளை நுரைப் பெட்டியை, றெஜிபோம் பெட்டியை. மூன்றடி நீளம்கூட வராது. மூடியில் பேனையால் நாலு ஓட்டை குத்தியிருந்தார். வைத்துவிட்டு, கோயில் கட்டிக் கொடுத்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

அந்தச் சாரை எங்களுக்கு அந்நியம் இல்லை. நெடுந்தீவில் எங்கள் வளவைச் சுற்றி நிற்கிற கல்மதிலுக்குள் ஏழெட்டு வருசமாகக் குடியிருக்கிறது. அது வருமுன் எலிகள் இவருடைய வலைகளைக் கடித்துக் குதறும். பகல் முழுக்க இருந்து பொத்துவார். சாரை வந்தபிறகு வலைக் கொட்டிலில் ஒரு எலிப்புழுக்கைகூட இல்லை. அன்ரனிட்டாவின் வளர்ப்புப் பிள்ளை என்று பக்கத்து வீட்டு மேரிறோஸ் அக்கா என்னைப் பகிடி பண்ணுவா. பண்ணட்டும். சம்பளம் கேளாத காவல்காரன் வேறு யார் வீட்டில் இருக்கிறான்?

அதைத்தான் இவருடைய வலையே பிடித்தது. ஆடுகள் கத்தரிக் கன்றைத் தின்கின்றன என்று, கடலில் போடக் கூடாதென்று அரசாங்கம் தடுத்த பழைய தங்கூசி வலையை மதிலின் மேலால் இழுத்துக் கட்டியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத நைலோன் நூல். திங்கட்கிழமை காலை சாரை அதற்குள் தலையை விட்டு, நெளிய நெளிய நூல் கழுத்துக்குக் கீழே சதையை அறுத்துவிட்டது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு வலைக்கண்ணாக நான்தான் வெட்டி எடுத்தேன்.

வனசீவராசி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பிரசாந்தன் என்ற தம்பி ஆறுதலாகக் கதைத்தார். சோளகக் காற்றில் படகு ஓடவில்லை, கடல் அடங்கியதும் வருகிறோம் என்றார். அதுவரை காயத்தைக் கழுவி மருந்து போட்டு, பாம்பு முழு நீளத்துக்கும் நீண்டு கிடக்கக்கூடிய உலர்ந்த பெட்டியில் வைக்கச் சொன்னார். எந்த நேரமும் மடங்கியே கிடந்தால் காயம் மூடாது, ஈரத்தில் அழுகிவிடும், பிறகு பாம்பு தப்பாது என்றார்.

நான் தலையையும் வாலையும் பிடிக்க, றஜீபன்தான் அளந்தார். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம்; வலையையும் கயிற்றையும் இங்கே அப்படித்தான் அளப்போம். பாம்பு ஒரு பாகமும் ஒரு சாணும் இருந்தது. அளந்த மனிசனே மீன் பெட்டியோடு வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

“முப்பது பாகம் வலையைச் சுருட்டிக் கடகத்துக்குள்ள வைக்கிறனான். இது ஒரு பாகம். வைக்க ஏலாதோ?” என்றார்.

“வலைக்கு உயிர் இருக்கோ?”

பாம்பென்றால் சுருண்டுதான் கிடக்கும், நீட்டி நிமிர்ந்து படுக்க அதென்ன ஊர் விதானையாரோ என்று கேட்டார். மேரிறோஸ் அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பாம்பு சின்னதென்றாலும் பெரிய தடியால் அடிக்கவேணும், நீ பெரிய பெட்டியெல்லோ தேடுகிறாய் என்று சிரித்தா. தச்சு வேலை செய்கிற குருசுமுத்து அண்ணையிடம் ஓடினேன். பலகை படகில்தான் வரவேணும். அவரிடம் கிடந்தது சவப்பெட்டிக்கு எடுத்து வைத்த பலகை மட்டும். மனிசருக்கு வைத்ததைப் பாம்புக்குத் தரமாட்டேன் என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் சாரையை மீன் பெட்டிக்குள் விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மூடியைத் திறந்தேன். ஓட்டைகளில் முட்டி முட்டி மூக்குத் தோல் உரிந்திருந்தது. பெட்டியின் அடியில் ஈரம் தேங்கி, பழைய மீன் தண்ணீர் மணத்தது. மூடத் தொடங்கிய காயம் மடிப்பில் வெடித்துச் சீழ் கட்டியிருந்தது. எங்கள் வலையைக் காத்த சீவன் எங்கள் வளவுக்குள்ளேயே அழுகுகிறது.

நேரே அறைக்குள் போனேன். என் சீதன அலுமாரி நின்றது. அம்மா தந்த தேக்கு அலுமாரி, ஆறடி உயரம். கூறைச்சேலை, றஜீபனின் கோட்டு, எல்லாவற்றையும் கட்டிலில் அள்ளிப் போட்டேன். தட்டுகளைக் கழற்றி, அலுமாரியை மல்லாக்கக் கிடத்தினேன். கதவைப் பிடுங்கிவிட்டுக் கோழிக்கூட்டுக் கம்பிவலையை அலுமாரி வாயின்மேல் ஒரு பக்கமாக அடிக்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தார்.

“கலியாண அலுமாரியைப் பாம்புக்குக் குடுக்கிறீரோ? ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நீங்களும் சுருண்டுதான் படுக்கிறனீங்கள். அதுக்காக உங்களை ஐஸ் பெட்டிக்குள்ள கிடத்தி மூடட்டோ?”

அவர் பிடுங்கிய கதவைத் தூக்கிச் சுவரில் சாத்தினார்.

உலர்ந்த மணல் பரப்பி, தண்ணீர்ச் சட்டி வைத்து, சாக்கால் பிடித்துச் சாரையை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல நீண்டது. மூன்று நாளுக்குப் பிறகு முதுகு நேரானது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் வால் நுனி பலகையில் முட்டி மேலே வளைந்து நின்றது.

“ஒரு சாண் காணாது,” என்றார் றஜீபன்.

மரம் அரிகிற வாளை எடுத்து, என்னைக் கேளாமலே என் சீதனத்தின் அடிப்பலகையில் சதுரமாக ஓட்டை வெட்டினார். மீன் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, அந்த ஓட்டையோடு பொருத்தினார். சாரை தலையை அதற்குள் வைத்துப் படுத்தது. அன்றைக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

பன்னிரண்டு நாள் போனது. காற்று அடங்கிப் பிரசாந்தன் வந்தார். காயம் மூடிவிட்டது, இருந்த இடத்திலேயே விடலாம் என்றார். சாரை கற்களுக்குள் புகுந்து வால் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். பாம்பை மடக்கி அளக்கக் கூடாது, நீட்டித்தான் அளக்கவேணும் என்று இவர் பிரசாந்தனுக்கே பாடம் எடுத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு, தம்பியை இறங்குதுறைவரை கொண்டுபோய் விட்டுவந்தேன்.

திரும்பி வரும்போது றஜீபன் மதிலில் ஏறி நின்றார். கையில் அதே தங்கூசி வலை. நான் வெட்டிய ஓட்டையைக்கூட அழகாகப் பொத்தியிருந்தார்.

“கத்தரி பூத்துக் கிடக்கு. ஆடு வருமெல்லே,” என்றார்.

குசினிக்குள் போய்க் கத்தியோடு வந்தேன். அவர் மதிலால் குதித்து ஓரமாக நின்றார். ஆட்டை நான் கலைப்பேன் என்று சொல்லிவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து வலை முப்பது பாகத்தையும் சாண் சாணாக வெட்டினேன். பொழுதுபடும்வரை வெட்டினேன். சாண் துண்டில் எந்தப் பாம்பும் சிக்காது.