எதிர் ஜன்னல்

ஜூலை வெயில் கொளுத்தியும் நூலகத்தில் ஒரு ஜன்னலுக்கு மேல் திறக்க யாரும் விடவில்லை. எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே ஓடும் காற்றுதான் கழுத்துப்பிடிப்பு முதல் காதுவலி வரை எல்லாவற்றுக்கும் காரணம் என்று செர்பியாவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். நூலகர் தெசாங்காவுக்கு வியர்த்துக் கொட்டியது.

நல்லவேளை, அன்று புதன்கிழமை. மருத்துவக் கல்லூரி நூலகத்திலிருந்து அவளுடைய பள்ளித்தோழி ஸ்லாவிட்சா வந்து, ஊர்க்காரர்களின் உடம்புச் சந்தேகங்களுக்கு ஆய்வுகளைத் தேடிக்கொடுக்கும் நாள். இரண்டு நூலகங்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு.

"இந்தக் காத்து விஷயத்த முதல்ல தீர்த்து வைடி," என்றாள் தெசாங்கா.

ஸ்லாவிட்சா கணினியில் தேடி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். காற்றால் கழுத்து பிடிக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லையாம்.

"எழுதினவன் எந்த ஊர்க்காரன்?" செய்தித்தாள் படிக்க வந்த ராடிசாவ் கேட்டார்.

"பல நாட்டு டாக்டருங்க, மாமா."

"அங்கெல்லாம் நம்ம காத்து வீசாதும்மா."

தெசாங்கா எதிர் ஜன்னலைப் படாரென்று திறந்தாள். காற்று ஜிலுஜிலுவென்று ஓடியது. ராடிசாவ் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டார். ஜெயித்த மிதப்பில் தெசாங்கா திரும்பினாள். ஸ்லாவிட்சா பையிலிருந்து கம்பளித் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? ஆதாரம் இல்லன்னு நீதானே வாசிச்ச?"

"வாசிச்சேன். அது ஆய்வுல வந்த கழுத்துக்கு. இது எங்கம்மா வளர்த்த கழுத்து."