பின் போர்ஷனிலிருந்து பள்ளிக்கூடம்

பஸ் ஓட்டுகிறவனுக்குத் தூரம் என்றால் ரோடுதான். மகளின் பள்ளி விண்ணப்பத்தில் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்த இடத்தில், 1400 மீட்டர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதினேன். கிழக்கே ஆறு தெரு, வடக்கே எட்டு தெரு, தெருவுக்குத் தெரு நூறு மீட்டர். என் கணக்கு தப்பாது.

விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆயிரம் மீட்டருக்குள் இருந்தால்தான் இடமாம். இல்லையென்றால் ஆறு வயதுப் பிள்ளை இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும்.

என் மனைவி தையல்காரி. விதிமுறைத் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். நான் முதல் வரியோடு சரி.

"நேர்கோட்டுத் தூரம்னு போட்டிருக்கு. உங்க பஸ் போற தூரத்தை யாரு கேட்டா?"

மறுநாள் காலை பள்ளி அலுவலகத்தில், கட்டம் போட்ட ஊர் வரைபடத்தின் மேல் விரலை வைத்தாள்.

"வீட்டுலேர்ந்து இப்படி ஆறு கட்டம், அங்கேர்ந்து மேல எட்டு கட்டம். ஆறாறு முப்பத்தாறு, எட்டெட்டு அறுபத்துநாலு, கூட்டினா நூறு. பத்தைப் பத்தால பெருக்கினா நூறு. அப்போ குறுக்கால பத்து கட்டம், ஆயிரம் மீட்டர்."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்கு சரிதாம்மா. ஆனா ஆயிரத்துக்குக் கீழ இருக்கணுமே. இது சரியா ஆயிரம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைப் புரட்டியிருப்பேன். அவள் என் கையை அழுத்தினாள்.

"சார், நீங்க புள்ளி வச்சிருக்கறது முன்வாசல் கேட்டுல. நாங்க பின் போர்ஷன். எங்க கதவு அங்கேர்ந்து இருபது மீட்டர் வடக்க தள்ளி இருக்கு."

பின் போர்ஷன் என்றாலே எனக்கு எரியும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அதை வாடகைக்குப் பிடித்தவள் அவள்தான் என்று நாலு வருஷமாகக் குத்திக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

குமாஸ்தா விதிமுறையைப் புரட்டினார். கதவிலிருந்துதான் அளக்க வேண்டும் என்றே இருந்தது. கிழக்கே அறுநூறையும், வடக்கே எண்ணூறில் இருபது போக எழுநூற்று எண்பதையும் கால்குலேட்டரில் தட்டினார்.

"தொள்ளாயிரத்து எண்பத்துநாலு," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் மட்டும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த மாசம் முன் போர்ஷன் காலியாகுதாம். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தீங்களே, மாறிடலாமா?"

"அந்தப் பேச்சே வேண்டாம், தாயே!" என்றேன்.