தவீ சொன்ன சின்ன வேலை

தாய்லாந்தின் லம்பாங்கில் ரொட்டிக்கடை போட்டு இத்தனை வருஷமாகியும் ராடெக்குக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இந்த ஊர்க்காரர்கள் சிரித்தால் அதற்குச் சரி என்று அர்த்தமா, முடியாது என்று அர்த்தமா? அவன் பிறந்த செக் நாட்டில் முடியாது என்றால் முகத்திலடித்தாற்போல் முடியாது என்பார்கள், கதை முடிந்தது. இங்கே அதற்கும் ஒரு சிரிப்பு.

அன்று காலை தலைமை ரொட்டிக்காரர் தவீ அப்படித்தான் சிரித்துக்கொண்டு வந்து நின்றார்.

"முதலாளி, அடுத்த வாரத்துலேர்ந்து ஒரு பதினஞ்சு நாள் லீவு வேணும்."

ராடெக் மாவுக் கையோடு திரும்பினான். குளிர்காலம், வெளியூர் ஆட்கள் குவிகிற நேரம். ஆற்றங்கரையில் புதிதாகத் திறக்கும் ஓட்டல் தினமும் இவனிடம் ரொட்டி வாங்குவதாகச் சொல்லியிருந்தது. மழைக்காலத்தில் டெங்கு வந்து படுத்ததில் கைமுதல் கரைந்துபோய், அந்த ஒரு வியாபாரத்தை நம்பித்தான் கடையே நின்றது.

"எதுக்கு, தவீ அண்ணே?"

"சின்ன வேலை ஒண்ணு."

"தள்ளிப் போட முடியாதா?"

தவீ மறுபடி சிரித்தார். ராடெக்குக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "போனா போனதுதான். திரும்பி வர வேணாம்," என்று வாடிக்கையாளர்கள் பார்க்கக் கத்திவிட்டான். இந்த ஊரில் நாலு பேர் முன்னால் ஒருவரைப் பார்த்துக் கத்துவது செருப்பால் அடிப்பதைவிடக் கேவலம். இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அது தெரியாதா? தெரியும். அவன் கோபத்துக்குத்தான் தெரியவில்லை.

தவீ கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்.

கல்லாவில் இருந்த ஜியாப் மத்தியானம் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே சில்லறை எண்ணினாள். என்ன விஷயம் என்று ராடெக் விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"நீங்க ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடந்தப்ப டாக்டரே கைய விரிச்சிட்டாரு. தவீ அண்ணன் புத்தர் கோயிலுக்குப் போயி வேண்டிக்கிட்டாரு. முதலாளி பொழச்சா மொட்டை போட்டுப் பதினஞ்சு நாள் துறவியா இருக்கேன்னு. வருஷம் முடியறதுக்குள்ள அந்த நேர்த்திக்கடன முடிக்கணும். கோயில்ல இருக்கற பெரிய துறவி நாள் குறிச்சுட்டாரு."

"இத அவரு ஏன் சொல்லல?"

"சொன்னா செஞ்சத சொல்லிக்காட்டுற மாதிரி ஆயிடுமே. எப்படிச் சொல்லுவாரு?"

ராடெக்குக்கு அவமானமாக இருந்தது. சாயந்திரமே தவீயின் வீட்டு வாசலில் போய் நின்றான். மன்னிப்புக் கேட்க அவன் வார்த்தை தேடுவதற்குள், "சாப்டீங்களா முதலாளி?" என்று தவீ தட்டை எடுத்து வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வியாபாரம் போனால் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஓட்டலின் பெண் மேலாளருக்குப் போன் போட்டு, பதினைந்து நாள் ரொட்டி தர முடியாது என்றான், கடைசியில்தான் காரணத்தைச் சொன்னான். "காரணத்த முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றாள் அந்த அம்மாள். "ரொட்டி இல்லாம யாரும் சாகப்போறதில்ல. காத்திருக்கோம். மொட்டை போடற அன்னிக்கு நானும் வர்றேன்."

தவீ துறவியான மறுநாள் விடியலில், ராடெக் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைவாசலில் நின்றான். கையில் அவனே சுட்ட ரொட்டி, அடி கருகியது. காவி உடுத்துப் பிச்சைக்கு வரிசையாக வந்த துறவிகளில் தவீயை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. தலைமுடி இல்லை, மழித்துவிட்டதில் புருவமும் இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை. அடுப்பு சுட்ட தழும்பை முழங்கையில் பார்த்துத்தான் கண்டுபிடித்தான்.

"அண்ணே," என்று வாய்தவறி வந்துவிட்டது.

"இப்ப அண்ணன் இல்ல, சாமி," என்று ஜியாப் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மண்டி போடுங்க."

ரொட்டியைத் திருவோட்டில் வைத்துவிட்டு மண்டியிட்டான். தினமும் தன்னைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வந்த மனிதர் இன்று பதிலுக்குக் கும்பிடவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. கண்ணைத் தாழ்த்திப் பாலி மொழியில் வாழ்த்து ஓதினார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் ராடெக் தலையை இன்னும் தாழ்த்தினான். என் உயிருக்கு ஈடாகத் தன்னையே தருகிறேன் என்றிருக்கிறார் இந்த மனிதர், கேட்டால் சின்ன வேலை என்கிறார்.

துறவிகள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்கள்.

"எழுந்திரிங்க முதலாளி, கடை தொறக்கணும்," என்றாள் ஜியாப்.

ராடெக்குக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.