ஸ்பீக்கர் வயர்

ஸ்ரீரங்கத்திலிருந்து துறையூர் வரை இருபது வருஷமாகக் கல்யாண ரிசப்ஷன்களில் கீபோர்டு வாசிக்கிறேன். நடுவில் ஸ்பீக்கர் நின்றுபோனால் மட்டும்தான் சனங்கள் மேடையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது எனக்கு நாற்பத்துமூன்று வயது. ஒரு அறக்கட்டளை ஃபீஸ் கட்டி என்னை இசைக் கல்லூரியில் சேர்த்துவிட்டது. சேர்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, சந்தோஷமா என்று மனைவி ரோசரி கேட்டாள். "பஸ்ல உக்கார இடம் கிடைச்சுது" என்றேன்.

முதல் வகுப்பில் பெலிண்டா மேடம் என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பாதியில் நிமிர்ந்தால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடனே நிறுத்திவிட்டு, குனிந்து ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தேன்.

"வயரெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க, ரெஜிஸ்" என்றார் மேடம். "நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம். வாசிங்க."

அவர்கள் காத்திருந்தார்கள். என் கை கீபோர்டு கட்டைகளின் மேல் சும்மா கிடந்தது.