சிரிக்காதீங்க மேடம்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமாக ஊர் சனத்தையே சிரிக்கவிடாமல் வைத்திருந்தவர். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதுதான் தொழில். "பல்லு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று குழந்தை முதல் கிழவர் வரை மிரட்டுவார். அந்த மனுஷனைத்தான், பக்கவாதம் வந்த பிறகு, பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண் தினமும் "சிரிங்க சார்" என்று கெஞ்சினாள்.

வலது பக்க உதடு ஏறும். இடது பக்கம் அசையாது. கண்ணாடியில் அதைப் பார்த்த நாளிலிருந்து கடை ஷட்டரைத் திறக்கவில்லை. "பாதி செத்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எவன் முன்னாடி நிக்கறது?" கை கால் தேறியும் மூன்று மாதம் நாற்காலியிலேயே கிடந்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஒருநாள் வாசலில் அந்தப் பெண் சொன்னாள். "அக்கா, சொன்னதும் சிரிக்கறதுக்கு மூளையில ஒரு வழி. தானா பொங்கி வர்ற சிரிப்புக்கு வேற வழி. சாருக்கு முதல் வழிதான் அடைச்சிருக்கு. ரெண்டாவது திறந்திருக்கலாம். நிஜமா சிரிச்சாத்தான் தெரியும்."

நானா சிரிக்க வைப்பது? என் வாயில் வசவு வரும், ஜோக் வராது. நாலு துணுக்கை மனப்பாடம் பண்ணி ஒப்பித்தேன். "முடிஞ்சுதா?" என்றார். அதைக் கேட்ட அந்தப் பெண், "ஜோக்க விடுங்கக்கா. பக்கத்துல ஒருத்தர் சிரிச்சா அதுவே தொத்திக்கும்" என்றாள். இருந்த நிலைமையில் எனக்கு எங்கே சிரிப்பு வரும்?

அந்த வாரம் என் அடையாள அட்டைக்குப் புது போட்டோ கேட்டார்கள். "போட்டோக்காரர் பெண்டாட்டி அடுத்த கடையில போய் நிக்கறதா? எழுந்திருங்க!" என்று இழுத்துக்கொண்டு போனேன். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தோம். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் விளக்கைப் போட்டு, கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். குனிந்ததும் பழைய ஆள் ஆகிவிட்டார்.

"நேரா பாருங்க. தாடைய இறக்குங்க. சிரிக்காதீங்க மேடம்."

மேடமா! 'ஏய்', 'அடியே' தவிர வேறு கேட்டறியாத என்னையா? உதட்டைக் கடித்தேன்.

"சிரிக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல மேடம்?"

கூடாது என்றால் சிரிப்பு கேட்குமா? பீறிட்டுக்கொண்டு வந்தது. ஸ்டூல் ஆட ஆட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். யாரை மேடம் என்றோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அட கழுதை, நீயா!" என்று நிமிர்ந்தவர், அவரும் சிரித்தார்.

இரண்டு பக்கமும் ஏறியது.

"என்னங்க, ஏறுதுங்க!"

"போடி, பொய் சொல்லாத."

சிரிப்பு அடங்குமுன் கேமராவை அவர் பக்கம் திருப்பி அமுக்கினேன். திரையைப் பார்த்தார். "தலைய வெட்டிட்டியே" என்றார். படத்தில் தன் இடது உதட்டோரத்தை விரலால் தொட்டார். "என் மூஞ்சிதான்" என்றார். போய் ஷட்டரின் மீதிப் பாதியையும் தூக்கினார்.

மறுநாள் அந்தப் பெண் கடைக்கே வந்தாள். மகராசி, நூறு வருஷம் நல்லா இருக்கணும். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காரும்மா, உன்ன ஒரு போட்டோ எடுக்கறேன். கடையில மாட்டணும்."

அவள் பயந்துபோய் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"சிரிம்மா," என்றார் அவர். "பல்லு தெரியணும்."