மோசஸ் செட்டில் டிரெபிள் இல்லை

மகள் ரூத்தின் கல்யாணத்துக்கு நாவலூரிலிருந்து வேறொருவன் மைக் செட் கட்ட வருகிறான் என்ற செய்தி மோசஸுக்கு மூன்று நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. யாரும் மறைக்கவில்லை. வீட்டில் வைத்தே இரண்டு தடவை சொன்னார்கள். இரண்டு தடவையும் அவர் சிரித்தபடி தலையாட்டினார். மூன்றாம் நாள் மனைவி சந்திரம்மா முகத்துக்கு நேரே வந்து நின்று, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது.

"இன்னா மே சொல்ற? எம் பொண்ணு கல்யாணத்துக்கு வேற ஒருத்தன் செட்டா? நா இன்னா செத்தா பூட்டேன்?"

"செத்தவன் எய்ந்து ஓடற மாரி சவுண்டு வெக்கறியே, அதான்யா பேஜாரு."

சதுரங்கப்பட்டினத்தைச் சுற்றி எட்டு ஊருக்கும் மோசஸ் சவுண்ட் சர்வீஸ்தான். முப்பது வருஷத் தொழில். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் அவர்தான், டிசம்பரில் சர்ச்சுக்கு நட்சத்திரம் கட்டினாலும் அவர்தான். மஞ்சள் நீராட்டு, தேர்தல், சாவு எதற்கும் அவர் ஸ்பீக்கர் பாக்ஸ் இறங்காமல் காரியம் நடக்காது. ஆனால் போன தை மாதம் தங்கச்சி மகள் ஹெலன் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பந்தியிலிருந்து இலையோடு எழுந்துபோய்ச் சவுக்குத் தோப்புக்குள் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். அவருக்குக் காற்று வேண்டியிருந்தது என்று மோசஸ் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார். ரூத் நம்பவில்லை.

கோளாறு ஒன்று இருக்கிறது என்பது மோசஸுக்கும் தெரியும். அதைக் கண்டுபிடித்ததே அவர்தான். ஐந்தாறு வருஷமாகச் செட்டில் டிரெபிள் செத்துக் கிடந்தது. தடித்த சத்தம் வருகிறது, கீச்சென்ற மெல்லிய சத்தம் வரவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் மூன்று தடவை ஸ்பீக்கர் யூனிட் மாற்றினார். வயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபையரையே மாற்றினார். ஒன்றும் பலிக்காமல், டிரெபிள் திருகை வலது பக்கம் முட்டும் வரை திருப்பி அப்படியே டேப் போட்டு ஒட்டிவிட்டார். இப்போதெல்லாம் வருகிற சரக்கே மட்டம் என்பது அவர் தீர்ப்பு. உலகத்தில் இத்தனை பொருள் மாற்றிய மனிதருக்கு மாற்றாத பொருள் ஒன்று தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை ரூத் வந்தாள். நாவலூரில் ஒரு கம்பெனியில் நாலு வருஷமாக வேலை. அந்த வேலைக்குப் போனதிலிருந்தே மகள் தன்னிடம் சரியாகப் பேசுவதில்லை என்று மோசஸுக்குள் ஒரு வருத்தம். வாயை அசைக்கிறாளே தவிர சத்தத்தை வெளியே விடுவதில்லை. ஏ.சி. ரூமில் உட்கார்ந்த திமிர் என்று முடிவு கட்டி, மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார்.

"நைனா," என்று ரூத் அன்று கத்தியே பேசினாள். "ஒரே ஒரு கண்டிஷன். காத டெஸ்ட் பண்ணு. டாக்டர் சொல்றத கேளு. அப்பறம் எங் கல்யாணத்துக்கு நீயே செட்டு கட்டு, நாவலூர்காரன வோணான்னுட்றேன்."

"எங் காதுக்கு இன்னா கேடு? யூனிட்டு அவுட்டாயி கீது."

"அப்ப டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டு வா."

பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவரால் நினைக்கவே முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

காது டாக்டர் சுஜாதா விளக்கு வைத்துப் பார்த்து, இடது காதிலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு அழுக்கு உருண்டையை எடுத்தார். அதன் நடுவில் ஒரு தீக்குச்சித் தலை இருந்தது. எடுத்த மாத்திரத்தில் மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. மோசஸ் துள்ளி எழுந்துவிட்டார்.

"அவ்ளோதான்! குப்பை அடச்சிகினு இருந்துகீது. வா போலாம்."

"உட்காருங்க," என்றார் டாக்டர். "காதுக்குள்ள குச்சி, பட்ஸ், காய்ச்சின எண்ணெய் எதுவும் இனிமே போகக் கூடாது. இது வாசல்ல கிடந்த குப்பைதான். வீட்டுக்குள்ள என்ன நிலைமைன்னு பார்க்க வேண்டாமா?"

பரிசோதனை அறையில் கீர்த்தனா என்ற இளம்பெண் இருந்தாள். காதின் கேட்கும் அளவை எடுப்பவள். கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டுக்குள் அவரை உட்கார வைத்தாள். கூண்டு மோசஸுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சுவரைத் தட்டிப் பார்த்து, "எதிரொலி வராம நல்லா டெட் பண்ணி கட்டிகீறாங்க," என்று நற்சான்று கொடுத்தார். ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. சத்தம் எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். தடித்த சத்தங்களுக்கு டக் டக்கென்று அழுத்தினார். அப்புறம் நீலப் பக்கம் மெலிசாகக் கொஞ்சம் வந்தது. சிவப்புப் பக்கம் ஒன்றுமே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீர்த்தனா எதையோ திருகிக்கொண்டேயிருந்தாள். மோசஸுக்கு அவள் மேல் பரிதாபமாக இருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"பாப்பா, உங்க செவப்பு சைடு அவுட்டு. ஜாக்கு லூசா கீதுன்னு நெனைக்கறேன். ஸ்குரூ டிரைவர் இருந்தா குடு."

"காலையிலதான் செக் பண்ணேன் சார். நல்லா இருக்கு."

"முப்பது வருசமா இதே பொயப்பு. நா பாக்காத ஜாக்கா? லைன மாத்திப் பாத்துர்லாமா?"

மைக் செட்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. இரண்டு பாக்ஸில் ஒன்று ஊமையானால், உடனே எதையும் பிரித்து மேயக் கூடாது. இரண்டு லைனையும் இடம் மாற்றிப் போட வேண்டும். ஊமை அந்தப் பக்கம் போனால் வயரில் கோளாறு. ஊமை இருந்த இடத்திலேயே இருந்தால் பாக்ஸில் கோளாறு. இதற்கு மேல் வாதம் கிடையாது.

கீர்த்தனா சிரித்துக்கொண்டே, "மாத்திப் போட்டுக்கோங்க சார்," என்றாள்.

மோசஸ் வெற்றி வீரராகக் கூண்டுக்குள் போனார். நீலத்தை வலது காதிலும் சிவப்பை இடது காதிலும் மாட்டிக்கொண்டார். மறுபடி சத்தம் வந்தது. செத்துவிட்டதாக அவர் அறிவித்த சிவப்பு, இடது காதில் மெலிசாகக் கூவியது. சற்று முன் உயிரோடிருந்த நீலம், வலது காதில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. கழற்றி மாற்றினார். திரும்ப மாற்றினார். நாலு தடவை மாற்றியும் ஊமை நகரவில்லை. வலது காதிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

வயரில் கோளாறு இல்லை. மோசஸ் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தன் சட்டத்தால் தானே மாட்டிக்கொண்ட மனிதர் வேறு யாரிடம் போய் மேல்முறையீடு செய்வார்?

கீர்த்தனா ஒரு தாளை நீட்டினாள். இரண்டு காதுக்கும் இரண்டு கோடு. ஆரம்பத்தில் சமமாக ஓடி, நாலாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கிணற்றில் விழுந்து, கடைசியில் கொஞ்சம் ஏறின. வலது காதுக் கிணறு ரொம்ப ஆழம். சத்தத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஏற்றி இறக்கும் ஈக்வலைசரோடு வாழ்க்கை நடத்தியவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நாலாயிரத்துல யாரு பாப்பா கட் பண்ணது?"

"நீங்க எங்க உட்கார்ந்து செட் போடுவீங்க?"

"பாக்ஸுக்கு பக்கத்துல."

"பாக்ஸ் எந்தப் பக்கம் இருக்கும்?"

மோசஸ் வலது காதைத் தடவினார்.

"காதுக்குள்ள முடி மாதிரி சின்னச் சின்ன செல் இருக்கு சார். பெரிய சத்தத்துல வருஷக்கணக்கா இருந்தா அது செத்துடும். செத்தா திரும்ப முளைக்காது. மாத்திரை, ஆபரேஷன், வெங்காயச் சாறு எதுவும் உதவாது. முதல்ல போறது மெல்லிய சத்தம்தான். பறவை, காலிங் பெல், பொம்பளைங்க குரல்." கீர்த்தனா வாசலில் நின்ற ரூத்தைப் பார்த்தாள். "உங்க பொண்ணு பேசறது, வாயை அசைக்கற மாதிரி மட்டும் தெரியுமா?"

மோசஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாகத் திமிர் என்று நினைத்தது ஒரு கோட்டில் விழுந்த பள்ளம்.

"இதுக்குக் காது மிஷின் மாட்டணும்," என்றாள் கீர்த்தனா.

"அது கெய்வனுங்க மாட்றது."

"ஆம்ப்ளிஃபையர்தான் சார் அது. மொத்தச் சத்தத்தையும் தூக்காது. உங்களுக்கு எங்க குறையுதோ அங்க மட்டும் தூக்கி வைக்கலாம்."

"எத்தினி பேண்டு?"

"பதினாறு."

மோசஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஈக்வலைசரிலேயே பத்துதான். "ரெண்டு காதுக்கும் போட்று," என்றார்.

பத்து நாள் கழித்து மிஷினை மாட்டி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உலகம் அவர் மேல் வந்து விழுந்தது. செருப்புத் தேய்கிறது, பிளாஸ்டிக் பை சரசரக்கிறது, காக்காய் கத்துகிறது. இதெல்லாம் இத்தனை நாள் எங்கே போயிருந்தன? பஸ்ஸில் முன் சீட்டில் ரூத் அம்மாவிடம் ரகசியமாக, "பாவம்மா நைனா, பயந்துகினு கீது," என்று சொன்னது ஒரு எழுத்து விடாமல் கேட்டது. திருக்கழுக்குன்றம் வரும் வரை அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செட்டைப் போட்டுப் பார்த்தார். பாட்டு அரை வரி கூடப் போகவில்லை, பாய்ந்து போய் நிறுத்தினார். பல்லில் ரம்பம் வைத்து அறுக்கிற மாதிரி இருந்தது.

"இந்தக் கண்றாவியவா நா ஊருக்குப் போட்டுகினு இருந்தேன்?"

"ஆமா," என்றாள் சந்திரம்மா, அரிசி களைந்துகொண்டே.

டேப்பைப் பிய்த்தார். திருகு ஒவ்வொன்றையும் ஒழுங்கான இடத்துக்குக் கொண்டுவந்தார். சொன்ன சொல் தவறாமல் ரூத் நாவலூர்காரனை வேண்டாமென்றாள். "கல்யாணத்துல நா சம்மதம் சொல்றது கடசி பெஞ்சு வரிக்கும் கேக்கணும் நைனா, யாரும் எலயோட ஓடவும் கூடாது," என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

கல்யாணத்தன்று சர்ச் நிரம்பி வழிந்தது. பாக்ஸிலிருந்து தள்ளி, பின்சுவரோரம் மோசஸ் புதுச் சட்டையோடு மிக்ஸரின் முன் உட்கார்ந்திருந்தார். சர்ச் போதகர் ஏசுதாஸ் ஐயர் ஜெபத்தை ஆரம்பித்தார். குரல் பாலாக ஓடியது. இவ்வளவு சுத்தமான சவுண்டை அவர் ஆயுளில் வைத்ததில்லை.

"மோசஸ் அண்ணாத்த! சவுண்டே வர்ல!"

கடைசி பெஞ்சிலிருந்து பழைய சிநேகிதர் கண்ணாயிரம்தான் கத்தினார். உடனே நடுவிலிருந்து இன்னொரு குரல். அப்புறம் நாலு பக்கமிருந்தும் கட்டை விரல்கள் மேலே எழுந்தன, ஏத்து ஏத்து என்று. ஐயரே மைக்கைத் தட்டி, "கேக்குதா?" என்றார். இல்லையென்று சபை முழுக்கத் தலையாட்டியது. ரூத், மாப்பிள்ளை கிருபாகரன் பக்கத்திலிருந்து திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

மோசஸுக்குப் புரியவில்லை. தனக்கு நன்றாகக் கேட்கிறது, ஊருக்குக் கேட்கவில்லை. மிஷின் பொய் சொல்கிறதா? கை தானாகத் திருகின் மேல் போய்விட்டது. ஏற்றினால் ஹெலன் கல்யாணம்தான். ஏற்றாவிட்டால் மகள் சொல்வது ஒருவருக்கும் கேட்காது. கையை எடுத்துக்கொண்டு, எழுந்து கண்ணாயிரத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

கண்ணாயிரத்தின் காதில் பஞ்சு. பக்கத்தில் இருந்தவர் காதிலும் பஞ்சு. அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை, பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, காதில் பஞ்சு. முன் வரிசையில் சந்திரம்மாவின் கம்மலுக்கு மேலேயும் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

"இன்னா மே இது?"

"வயக்கந்தானேய்யா!" என்று அவள் கத்தினாள்.

மோசஸ் செட் என்று தெரிந்தால் முதல் நாளே பஞ்சு வாங்கி வைப்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆறு வருஷமாக இருந்துவரும் வழக்கம். எட்டு ஊரில் அது தெரியாத ஒரே ஆள் மோசஸ்தான். அவமானத்தில் அவருக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அடுத்த நொடியே இன்னொன்றும் உறைத்தது. ரூத்தைத் தவிர இத்தனை பேரில் ஒருவர் கூட வேறு செட்டுக்காரனைத் தேடிப் போகவில்லை. ஆளை மாற்ற மனசு வராமல் தங்கள் காதை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விறுவிறுவென்று முன்னால் போய் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் காதுல கீற பஞ்ச எடுங்க!"

யாருக்குக் கேட்கும்? சபை மரியாதையாகச் சிரித்தது.

மோசஸ் வலது காது மிஷினைக் கழற்றி எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்தார். மற்றொரு கையால் தன் காதிலிருந்து எதையோ பிடுங்கி எறிவது மாதிரி செய்து காட்டினார். முதலில் சந்திரம்மா எடுத்தாள். பிறகு வரிசை வரிசையாகப் பஞ்சு வெளியே வந்தது. ஏசுதாஸ் ஐயர் பீடத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, இரண்டு காதிலிருந்தும் எடுத்து அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு ஐயர் ரூத்தைப் பார்த்து, இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். ரூத் வாயைத் திறந்தாள்.

"ஐயரே, ஒரு நிமிசம்!"

மோசஸ் கழற்றிய மிஷினை மறுபடி மாட்டப் போனார். மிஷின் காதுக்குள் நுழையாமல் வழுக்கி வழுக்கிப் போனது. இருநூறு பேரும் மூச்சு விடாமல் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை காத்திருந்தான். ரூத் மைக்கருகே குனிந்தாள்.

"மாட்டிகினியா நைனா?"

அவர் தலையாட்டினார்.

"சம்மதிக்கிறேன்," என்றாள் ரூத், சாதாரணமாகப் பேசுகிற குரலில். அது கடைசி பெஞ்சில் இருந்த கண்ணாயிரத்துக்கும் கேட்டது, அவளைப் பெற்றவருக்கும் கேட்டது.