சீம்பாலை மறந்தவள்

அன்று ஆய்வகத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பூச்சி கடித்து மாடுகளுக்குப் பரவும் வைரஸ் நோயை ரத்தத்தில் கண்டுபிடிக்க அங்கே ஒரு பரிசோதனையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால், குழித்தட்டில் அந்த ரத்தம் விட்ட குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் நிறமில்லாத வெறும் தண்ணீராகக் கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோய் அண்டாத ரத்தம் வேண்டும் என்று எல்லோரும் அலைந்தபோது, "எங்க வீட்டுலயே பிறந்து மூணு வாரமான கன்னு இருக்கு" என்று முந்திக்கொண்டவள் அவள்தான்.

அந்தக் கன்றின் குழி பளிச்சென்று மஞ்சளானது.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, கன்னுக்குப் பாசிட்டிவ். தாய்கிட்ட விடாதே. அதைக் கடிச்ச பூச்சி இன்னொண்ணைக் கடிச்சா தெருவே காலி." அந்தக் குரலில் கவலை கால் பங்கு, மிடுக்கு முக்கால் பங்கு. அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். மஞ்சளைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு வீடு கிடைத்ததில் அப்படியொரு பூரிப்பு.

மறுநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு தலைமை விஞ்ஞானி முன்னால் போய் நின்றாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மூணு வாரக் கன்னா? சீம்பால் குடிச்சுதா?"

"குடிக்காம? அண்ணன்தான் புட்டியில..."

பாதியில் வாய் நின்றது. தாய்க்கு எப்போதோ வந்துபோன நோயின் எதிர்ப்பொருள் சீம்பாலோடு கன்றின் ரத்தத்தில் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

"உங்க வீட்டுல மாடு இருக்குன்னு சொன்னியேம்மா" என்றார் அவர். பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை, அடக்கிய சிரிப்பு. வைரஸையே தேடும் இன்னொரு கருவியில் அதே ரத்தத்தை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. கன்று நோய்நொடியில்லாமல் திடமாகத்தான் இருந்தது.

அண்ணன் போனை எடுக்கவில்லை. அவள் பஸ் ஏறினாள்.

வீட்டில் தாய்மாடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடந்தது. கொட்டகை மூலை வெறிச்சென்றிருந்தது.

"உங்க அண்ணன் காலையிலேயே மாட்டுத் தரகர் வண்டியில ஏத்திட்டாரே" என்றாள் அண்ணி. "எதிர்வீட்டுக் கன்னும் கூடவே போச்சு. சாயங்காலம் வண்டி திரும்ப வருது, மத்த வீட்டுக் கன்னுங்களுக்கு."

"மத்த வீட்டுக் கன்னுங்களா? யார் சொன்னா?"

"நீதான். தெரு பூரா உன் பேச்சுதான். என் தங்கச்சி கண்டுபிடிச்ச மெஷின்னு டீக்கடையில அவருக்கு ஒரே அளப்பு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள்.

"போனது போச்சு. வாயைத் திறக்காதே. உங்க அண்ணன் இந்தத் தெருவுல நடக்க வேண்டாமா?"

"நடக்கட்டும். தலையைக் குனிஞ்சு நடக்கட்டும். நானும் நடக்கிறேன்" என்று வெடித்தாள். யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியும், அதனால்தான் கத்தினாள்.

எதிர்வீட்டு அக்கா கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வாம்மா டாக்டர்! நல்ல வேளை நீ படிச்சே. இல்லைன்னா எங்க கன்னு பசுவையும் கெடுத்திருக்கும்."

டாக்டர் என்ற சொல் செருப்பைக் கழற்றி அடித்தது போலிருந்தது.

"அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன். எங்க கன்னுக்கு நோயே இல்லை. சீம்பால்ல வந்ததைப் பார்த்து நோய்னு சொல்லிட்டேன்."

"எங்க கன்னுக்கு?"

"உங்க கன்னோட ரத்தத்தை நான் பார்க்கவே இல்லைக்கா."

அக்கா விளக்குமாற்றைப் போட்டாள். திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள், திட்டியிருந்தால் தேவலை. அக்கா வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள்: "எல்லாரும் வாங்க! வண்டியில ஏத்தக் கன்னைப் புடிச்சுக் கட்டினவங்க முதல்ல வாங்க!"

வந்தார்கள். அண்ணனும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தான். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

"ம், சொல்லு" என்றாள் அக்கா. "எனக்குச் சொன்ன மாதிரியே. இங்கிலீசு கலக்காம."

சொன்னாள். ஒரு பெரியவர், "மாட்டுக்காரன் வீட்டுப் பொண்ணு இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுத் தன் கன்றை அவிழ்க்கப் போனார்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் போனில் எண்ணைத் தட்டி ஸ்பீக்கரைப் போட்டு அவள் கையில் திணித்தான். "தரகருக்கும் நீயே சொல்லு."

மறுமுனையில் உற்சாகமான குரல்: "சொல்லுங்கண்ணே! உங்க தங்கச்சி இன்னும் எத்தனை கன்னு கண்டுபிடிச்சிருக்காங்க?"

தெருவே கேட்டது.

"தங்கச்சிதான் பேசறேன்" என்றாள்.